உஷார்! கோட்டை வாசலில் கேமரா

ஃப்ளாரன்ஸில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் வாடகைக் காரில் சான் ஜிமிஞானோ, சியன்னா, வோல்தெர்ரா என்று டஸ்கனியின் மலையூர்களைப் பார்த்துவரத் திட்டமிடுகிறீர்களா? டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் சரிபார்த்திருப்பீர்கள். இதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊர்களின் கோட்டை வாசலுக்குள் உங்கள் கார் நுழையவே கூடாது. நுழைந்தால் யாரும் மறிக்க மாட்டார்கள். விசில் சத்தம் கேட்காது. வாசலருகே இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வீடு திரும்பிப் பயணமே மறந்துபோன சமயத்தில் பதிவுத் தபாலில் அபராதம் வந்து நிற்கும்.

இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வாகனக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் உண்டு. 'இசட்.டி.எல்.' என்பார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு போட்ட பலகை தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சில இடங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரியும். வாசல் திறந்திருக்கிறது போலும் என்று நினைத்துப் பலர் உள்ளே ஓட்டிவிடுகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, அனுமதி இல்லாதவர் நுழையாதீர் என்பதுதான் அந்த அறிவிப்பு. ஃபோனில் வழிகாட்டும் மேப்பையும் இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். குறுக்குவழி என்று நேராக மண்டலத்துக்குள்ளேயே திருப்பிவிடும். முன்னால் போகும் காரைப் பின்தொடர்வதும் ஆபத்து. அது அனுமதி பெற்ற உள்ளூர்க்காரர் காராக இருக்கும்.

சட்டப்படி அபராதம் 83 யூரோவிலிருந்து 332 யூரோ வரை. குறைந்த தொகையே நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், தபால் செலவு தனி.   இத்தாலியில் வசிப்பவருக்கு 90 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கோ 360 நாள் அவகாசம். அதுவும் காரை எடுத்தவர் யார் என்று வாடகைக் கம்பெனியிடம் கேட்டறிந்த பிறகே அந்தக் கணக்கு தொடங்கும்.

நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். முதலில் கிரெடிட் கார்டிலிருந்து சில பத்து யூரோ போகும். அபராதம் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அது உங்கள் பெயர், முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கம்பெனி எடுத்துக்கொண்ட கட்டணம் மட்டுமே. உண்மையான அபராதம் பின்னால் வரும். கைக்குக் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் தொகை ஏறிவிடும். கடிதத்தைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. சான் ஜிமிஞானோ ஒரு காலத்தில் 72 கோபுரங்களோடு நின்ற ஊர் என்பார்கள். 1348-ல் பிளேக் வந்து ஊரைக் குலைத்தது. 1353-ல் ஃப்ளாரன்ஸின் ஆளுகைக்குள் போனது. அதன்பின் வளர்ச்சி தேங்கியதால், இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதி இருக்கவில்லை. அதனாலேயே 14 கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. 1990 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் சந்துகள் யாத்திரிகர்களும் கழுதைகளும் நடந்தவை, காருக்கானவை அல்ல. சியன்னாவில் 1960-களிலேயே ஊர் நடுவில் கார்களைத் தடுத்துவிட்டார்கள். ஆனால் வருகிறவருக்கு இதை யாராவது முன்கூட்டியே உரக்கச் சொல்ல வேண்டாமா?

காரில்தான் போவதென்றால், ஊரின் பெயரை மேப்பில் போடாதீர்கள். மதிலுக்கு வெளியே இருக்கும் பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள். சான் ஜிமிஞானோவில் 'ஜூபிலியோ' சற்றுத் தள்ளி இருக்கிறது, 'மோந்தேமாஜ்ஜோ' தெற்கு வாசலை ஒட்டியே இருக்கிறது. நீலக் கோட்டுக்குள் நிறுத்தினால் காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோட்டைத் தொடவே வேண்டாம். மதிலுக்குள் தங்குகிறவர்களுக்கு ஹோட்டல்காரர் நம்பரைப் பதிந்து அனுமதி வாங்கித் தர முடியும். ஒரு நாள் போய்வருகிறவருக்கு அந்த வழியும் இல்லை. இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் காரே வேண்டாம். ஃப்ளாரன்ஸிலிருந்து போஜ்ஜிபோன்ஸிக்கு ரயில், அங்கிருந்து 130-ஆம் எண் பஸ் சான் ஜிமிஞானோவின் கோட்டை வாசலிலேயே இறக்கிவிடும். இதிலும் கவனம் வேண்டும். காகித ரயில் டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அதற்கும் அபராதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கள் குறைவு. திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று, கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே நிறுத்தத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.