ஓடாத எஞ்சின்



பழுதுபட்டுக் கிடந்த ஒரு பொம்மைப் புகைவண்டியைப் பற்றிச் சற்று நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன். பொம்மைதானே என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் வகுப்பில் கற்கும் மின்னியலின் அடிப்படைகள் பல அந்தச் சிறு பொறிக்குள் அடங்கியிருக்கின்றன. பழுதை ஆராய்வது எப்படி, பழைய பொருளைப் பேணுவது எப்படி என்னும் இரண்டு பாடங்களையும் நான் அதனிடமே கற்றேன். அப்பாடங்களுக்கு நான் முதலில் கொடுத்த கட்டணம் ஒரு நல்ல எஞ்சின்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பணியாற்றி வந்தேன். பொம்மைப் புகைவண்டிகளின் வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு. மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவிக்கு 1901-இல் காப்புரிமை பெற்ற ஃபிராங்க் ஹார்ன்பி பிறந்தது அங்கேதான். அவருடைய மெக்கானோ கம்பெனி 1920 முதல் புகைவண்டிப் பொம்மைகளையும் செய்து விற்றது. அதன் பெரிய தொழிற்சாலை லிவர்பூலின் பின்ஸ் சாலையில் இருந்தது. ஹார்ன்பி 1936-இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938-இல், ‘ஹார்ன்பி டப்ளோ’ என்னும் சிறிய வகை வெளிவந்தது. மெய்யான வண்டியின் ஓர் அடி நீளம் இதில் 4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அதாவது, ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. சக்கரங்கள் ஓடும் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஓட்டுவது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். 1964-இல் அந்தக் கம்பெனி கைமாறியது. 1979-இல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆனால் அங்கே உருவான வண்டிகள் வார இறுதிச் சந்தைகளில் இன்னும் தலைகாட்டுகின்றன.

அத்தகைய சந்தை ஒன்றில் முதல் எஞ்சினை வாங்கினேன். அது ஓடியது, ஆனால் மெதுவாக ஓடியது. அதை விரைவாக ஓடச் செய்ய வேண்டும் என்ற ஆவலில், அன்றிரவே எல்லாத் திருகாணிகளையும் கழற்றிவிட்டேன். மோட்டாரின் காந்தத்துக்கு நடுவே சுழலும் ஆர்மெச்சூரை உருவி எடுத்துத் துடைத்தேன். மேற்கூட்டை வீரியமிக்க கரைப்பான் ஒன்றில் ஊறவைத்தேன். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தால், எஞ்சின் இரண்டு பெட்டிகளைக்கூட இழுக்க மாட்டாமல் திணறியது. தொட்டால் கை சுட்டது. மேற்கூட்டிலிருந்த எண்ணும் சின்னமும் வண்ணத்தோடு சேர்ந்து கரைந்து போயிருந்தன.

என் அண்டை வீட்டில் எண்பது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். இளமையில் பின்ஸ் சாலையில் வேலை செய்தவர். அவரிடம் அதைக் காட்டினேன். “ஆர்மெச்சூரை வெளியே எடுத்தபோது, காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்தீர்களா?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. இல்லை என்றேன். அவர் தலையை அசைத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியின் பொருளைக் கேளுங்கள். போருக்குப் பிந்தைய டப்ளோ மோட்டார்களில் உள்ள காந்தம் அல்நிக்கோ என்னும் கலவையால் ஆனது. இரும்போடு அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த கலவை அது. அதன் ஆற்றல் மிகுதி; ஆயினும் அந்த ஆற்றலை அது எளிதில் இழந்தும் விடும். ஆர்மெச்சூரின் இரும்பு, காந்த விசை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்லப் பாலமாக நிற்கிறது. பாலத்தை அகற்றினால் காந்தத்தின் புலம் அதற்கே எதிராக நின்று அதன் வலிமையைக் குறைத்துவிடுகிறது. மீண்டும் பாலத்தை வைத்தாலும் இழந்த வலிமை தானாகத் திரும்புவதில்லை. காந்தம் மெலிந்தால் அதே சுமையை இழுக்க மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை வாங்குகிறது. அது வெப்பமாக வெளிப்படுகிறது. என் எஞ்சின் சுட்டதன் காரணம் இதுதான்.

“காந்தத்துக்கு மீண்டும் வலுவேற்றலாம், அதற்குரிய பொறி உண்டு. இதை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, எண் இருந்த இடத்தை மூதாட்டி விரலால் தடவிக் காட்டினார். எனக்கு விடை தெரியவில்லை.

அடுத்த ஆண்டு இரண்டாம் எஞ்சின் கிடைத்தது. கரிய நிறம், பக்கவாட்டில் 69567 என்னும் எண். லண்டன் நகரின் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறநகர் வண்டிகளை இழுத்துச் சென்ற என்-2 வகை எஞ்சின்களின் சிறு வடிவம் அது. “இது ஓடாது, அலமாரியில் வைக்கத்தான் ஆகும்” என்றே விற்றவர் சொன்னார். வாங்குமுன் அதன் உடலைக் கூர்ந்து பார்த்தேன். இவ்வகை எஞ்சின்களின் உடல் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. அக்கலவையில் சிறிதளவு காரீயம் கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுப் பருத்து, வெடித்து, பொடிந்துபோகும். போருக்கு முந்தைய சக்கரங்கள் பலவற்றுக்கு இக்கதி நேர்ந்திருக்கிறது. அந்நோய்க்கு மருந்து இல்லை. இந்த எஞ்சினில் வெடிப்பு ஒன்றும் இல்லை. கீறல்கள் மட்டுமே இருந்தன.

இம்முறை திருகாணியைத் தொடுவதற்கு முன் எண்ணிப் பார்த்தேன். மருத்துவர் நாடியைப் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை அன்றோ! நாடி பார்க்க நான் கொண்ட கருவி மிக எளியது: 12 வோல்ட் மின்கலம் ஒன்று, மோட்டார் காரின் திசைகாட்டி விளக்குகளில் இடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று. மின்கலத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே பல்பைத் தொடராக இணைத்தேன். 21-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். எஞ்சினில் எத்தகைய குறுக்குச்சுற்று இருந்தாலும் ஒன்றேமுக்கால் ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் செல்லாது. ஆகவே பல்பு காவலனாகவும் இருக்கிறது, ஒற்றனாகவும் இருக்கிறது. முழு ஒளி வீசினால் மின்சாரம் தடையின்றிப் பாய்கிறது என்றும், ஒளியே இல்லையெனில் பாதை எங்கோ அறுந்திருக்கிறது என்றும் அறியலாம்.

வண்டியோடு வந்த பழைய மின்மாற்றியை நான் தொடவே இல்லை. வீட்டு மின்சாரத்தோடு இணையும் அக்கருவிகளில் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் காலப்போக்கில் காய்ந்து உதிர்ந்துவிடும். பொம்மை 12 வோல்ட்டில் ஓடலாம். ஆனால் சுவரிலிருந்து வரும் மின்சாரம் உயிரை வாங்கக் கூடியது. இதை மட்டும் நீங்கள் ஒருபோதும் மறக்கலாகாது.

முதலில் கருவியையே சோதித்தேன். இரு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். பல்பு நன்றாக எரிந்தது. அடுத்து, பாதை. டப்ளோவின் பழைய பாதையில் மூன்று தண்டவாளங்கள் உண்டு. நடுத் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் வரும். எஞ்சினின் அடியிலுள்ள தகடு அதை உரசி வாங்கும். சக்கரங்கள் வழியே அது வெளித் தண்டவாளங்களுக்குத் திரும்பும். இந்த அமைப்பில், வண்டி வளைந்து திரும்பி வந்த பாதையிலேயே சேர்ந்தாலும் குறுக்குச்சுற்று நேராது. இரண்டே தண்டவாளங்கள் இருந்தால் அங்கே தனி ஏற்பாடு வேண்டும்.

பாதையின் கடைக்கோடியில் பல்பு மங்கலாகவே எரிந்தது. இணைப்புகள் தளர்ந்திருந்தன, தண்டவாளங்களில் அழுக்குப் படிந்திருந்தது. இணைப்புகளை இறுக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். உப்புத்தாளால் தேய்க்கலாகாது, அது உண்டாக்கும் நுண்ணிய கீறல்களில் மீண்டும் அழுக்கு வந்து தங்கும். இப்போது பாதை முழுவதும் பல்பு ஒரே சீராக எரிந்தது. எஞ்சினை வைத்தேன். பல்பு எரியவில்லை. ஆகவே பழுது எஞ்சினுக்குள் இருந்தது.

மேற்கூட்டை மட்டும் கழற்றிவிட்டு, கம்பி முனைகளை மோட்டாரின் இரு கரித்துண்டுகளிலும் நேராகத் தொட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது, மோட்டார் அசையவில்லை. இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, உள்ளே குறுக்குச்சுற்று. மற்றொன்று, ஆர்மெச்சூர் இறுகிக்கொண்டது. ஆர்மெச்சூரை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். பசையில் ஒட்டியதுபோல் நின்றது. சக்கரங்களைப் பிடித்து உருட்டிச் சோதிக்கலாகாது. மோட்டாரின் தண்டிலுள்ள திருகுப் பல் சக்கரத்தைச் சுழற்றுமேயன்றி, சக்கரம் திருகுப் பல்லைச் சுழற்றாது. வற்புறுத்தினால் பற்கள் முறியும்.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் விட்ட எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. பல்குத்தும் குச்சியின் நுனியை ஸ்பிரிட்டில் நனைத்து அதைச் சிறிது சிறிதாகக் கரைத்தேன். ஆர்மெச்சூரின் முனையிலுள்ள செப்பு வளையம் மூன்று துண்டுகளாகப் பிளவுபட்டது. அதன் பிளவுகளில் அடைந்திருந்த கரித்தூளையும் குச்சியாலேயே நீக்கினேன். கரி மின்சாரத்தைக் கடத்தும் ஆகையால், அத்தூள் பிளவுகளை நிரப்பினால் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும். பிறகு தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு மெல்லிய எண்ணெய். அதற்கு மேல் விட்டால், எண்ணெய் செப்பு வளையத்தில் வழிந்து கரித்தூளோடு கலந்து குழம்பாகும்.

மீண்டும் கம்பிகளைத் தொட்டேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டது, மோட்டார் சுழன்றது, உடனே பல்பு மங்கியது. அம்மங்கல் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. அதன் காரணத்தைச் சிந்தித்துப் பாருங்கள். சுழலும் மோட்டார் தானும் ஒரு மின்னாக்கியாகிறது. அது பிறப்பிக்கும் மின்னழுத்தம் மின்கலத்தை எதிர்த்து நிற்கிறது. அதனால் மின்னோட்டம் குறைகிறது. பாடநூலில் பின்மின்னியக்கு விசை என்று படிக்கிறோமே, அதைத்தான் அப்பல்பின் மங்கலில் நான் நேரில் கண்டேன்.

ஆயினும் அடித்தகட்டைத் தொட்டபோது பல்பு எரியவே இல்லை. மோட்டார் நன்று, தகடும் தூய்மை. எஞ்சியது இரண்டையும் இணைக்கும் கம்பி ஒன்றுதான். வெளியுறை முழுமையாக இருந்தது. மெல்ல இழுத்ததும் நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஒரு விரற்கடை நீளப் புதுக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பழுது அவ்வளவே. காந்தத்தை நான் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

மேற்கூட்டை, எண்ணையும் சின்னத்தையும் விலக்கி, ஈரத் துணியால் மட்டும் துடைத்தேன். கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன். யாரோ ஒரு குழந்தை அதை வைத்து விளையாடியதற்கு அவைதாமே சான்று!

அன்று மாலை மூதாட்டியை அழைத்துவந்து மேசையருகே அமர்த்தினேன். எஞ்சின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வட்டமிட்டது. சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. “இந்தக் கரித்துண்டுகளை இப்படித்தான் நாள் முழுவதும் பொருத்திக்கொண்டிருப்போம்” என்று கையால் செய்து காட்டினார். பிறகு குனிந்து அந்த எண்ணைப் படித்தார். முதல் எஞ்சினில் நான் அழித்தது எத்தகையது என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

நண்பர்களே, ஒரு பொறியை அவிழ்ப்பது எவர்க்கும் எளிது. பழுது இருக்கும் இடத்தை அறிந்து, அவ்விடத்தை மட்டும் தொட்டு, மற்றவற்றை விட்டுவைப்பதே கல்வியால் வரும் பொறுமை. உங்கள் வீட்டில் ஓடாத கடிகாரமோ பேசாத வானொலிப் பெட்டியோ இருக்கலாம். திருப்புளியை எடுக்குமுன் அதை நன்றாகப் பாருங்கள். அதைச் செய்தவர்களின் கைத்தடம் இன்னும் அதில் இருக்கும்.