ஒரே பெயரில் இரு கழகங்கள்: செக் உதைபந்தாட்டத்தின் 2009-10 பருவகாலம் உணர்த்தும் உண்மை

உதைபந்தாட்டப் பருவகாலம் ஒன்று முடிவடையும்போது மக்கள் நினைவில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வெற்றிக் கிண்ணத்தை ஏந்திய கழகத்தின் பெயர் மட்டுமேயாகும். ஆயினும் செக் குடியரசின் முதற்பிரிவுச் சுற்றுப்போட்டியில் 2009-10 பருவகாலம் இந்தப் பொதுவிதிக்கு விலக்காக அமைந்தது. அந்தப் பருவகாலத்தில் தலைநகர் பிராக்கின் ஸ்பார்ட்டா கழகம் 30 போட்டிகளில் ஒன்றிலேனும் தோல்வியடையாது 16 வெற்றிகளையும் 14 சமநிலை முடிவுகளையும் பெற்று, 62 புள்ளிகளுடன் முதலிடத்தை அடைந்தது. இரண்டாம் இடத்தைப் பெற்ற யப்லொனெட்ஸ் கழகம் ஒரேயொரு புள்ளியினால் மட்டுமே பின்தங்கியிருந்தது. சாதாரண காலமாயின் இதுவே அந்தப் பருவகாலத்தின் முழுக் கதையாகவும் இருந்திருக்கும். ஆனால் அவ்வாறு நிகழவில்லை.

அவ்வருடப் புள்ளிப்பட்டியலில் 'பொஹீமியன்ஸ்' என்ற பெயர் இரண்டு தடவைகள் இடம்பெற்றிருந்தது. ஒன்று 'பொஹீமியன்ஸ் 1905'. மற்றையது 'பொஹீமியன்ஸ் பிராக்'. இரண்டும் ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே பெயருக்கு உரிமை கோரியவை. ஒரு நாட்டின் அதியுயர் சுற்றுப்போட்டியில் இவ்வாறானதொரு நிலை எவ்வாறு தோன்றியது? அது எவ்வாறு முடிவுக்கு வந்தது? விளையாட்டுக்கு அப்பாலும் சிந்திக்க வைக்கும் இவ்விடயத்தை வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

கங்காரு கொடுத்த பெயர்

பிராக் நகரின் வெர்ஷோவிட்சே என்ற பகுதியில் 1905ஆம் ஆண்டு உதைபந்தாட்டக் கழகமொன்று தோற்றுவிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அது தனது ஊரின் பெயரையே தாங்கியிருந்தது. 1927ஆம் ஆண்டு அக்கழகம் அவுஸ்திரேலியாவுக்கு நீண்ட சுற்றுப்பயணமொன்றை மேற்கொண்டது. வெர்ஷோவிட்சே என்ற சொல் அந்நாட்டவர் நாவில் எளிதில் புரளக்கூடியதன்று. எனவே செக் தேசத்தின் பழம்பெயரான பொஹீமியாவைத் தழுவி 'பொஹீமியன்ஸ்' என்ற பெயரில் அவ்வணி அங்கு விளையாடியது. திரும்பி வருகையில் உயிருள்ள இரு கங்காருகள் அதற்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டன. அன்று தொட்டுப் பொஹீமியன்ஸ் என்ற பெயரும் கங்காருச் சின்னமும் அக்கழகத்தோடு ஒட்டிக்கொண்டன. ஐரோப்பாவின் நடுவே, கடலே இல்லாத ஒரு நாட்டின் கழகம் கங்காருவைச் சின்னமாகக் கொண்டிருப்பதன் இரகசியம் இதுவேயாகும்.

இந்தப் பெயரும் இடையூறின்றி நிலைத்து நிற்கவில்லை. 1948இல் கம்யூனிஸ ஆட்சி ஏற்பட்டதன் பின்னர் விளையாட்டுக் கழகங்கள் யாவும் அரச தொழிற்றுறைகளோடு இணைக்கப்பட்டன. புகையிரதத் தொழிலாளரின் பெயரிலும், பின்னர் ஸ்டாலின்கிராட்டின் பெயரிலும், அதன் பின்னர் பெரும் இயந்திரத் தொழிற்சாலையொன்றின் பெயரிலும் இக்கழகம் அழைக்கப்பட்டது. 1960களின் நடுப்பகுதியிலேயே பொஹீமியன்ஸ் என்ற பெயர் மீண்டும் அதற்குக் கிட்டியது. ஆட்சியாளர் மாற்றிய பெயர்களை மக்கள் ஏற்கவில்லை என்பதற்கு அந்த மீட்சியே சான்றாகும்.

இக்கழகத்தின் புகழுக்குப் பெருங்காரணமாக விளங்கியவர் அன்டொனின் பனென்கா. 1976ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி பெல்கிரேட்டில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டி 2-2 எனச் சமநிலையடைந்து தண்ட உதைகள் வரை சென்றபோது, மேற்கு ஜேர்மனியின் கோல் காப்பாளர் செப் மையர் ஒருபுறமாகப் பாய்ந்துவிட, பந்தைக் கோலின் நடுவே மெதுவாகத் தூக்கி இட்டுச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வெற்றி தேடித் தந்தவர் அவரே. அவ்வகை உதை இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. அக்காலத்தில் அவர் பொஹீமியன்ஸ் வீரராக இருந்தார். 1981இல் அவர் வியன்னாவின் ரபிட் கழகத்துக்குச் சென்ற பின்னரும் அணி தளர்ந்துவிடவில்லை. 1982-83 பருவகாலத்தில் பொஹீமியன்ஸ் செக்கோஸ்லோவாக்கியச் சம்பியனாயிற்று. அதே பருவகாலத்தில் யூஃபா கிண்ணத்தின் அரையிறுதி வரையும் முன்னேறியது. தேசிய சம்பியன் பட்டம் அக்கழகத்துக்குக் கிட்டியது அந்த ஒரு தடவை மாத்திரமே.

பெயர் பிரிந்த விதம்

1989இல் ஆட்சி மாறியது. அதுவரை ஒரு பெரிய உடற்பயிற்சிச் சங்கத்தின் கீழ் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், ஹொக்கி முதலான பல விளையாட்டுகளும் பிரிவுகளாக இயங்கி வந்தன. சந்தைப் பொருளாதாரம் வந்ததும் வருமானம் ஈட்டக்கூடிய உதைபந்தாட்டப் பிரிவுகள் தனிக் கம்பனிகளாகப் பிரிந்து சென்றன. ஏனைய விளையாட்டுகள் தாய்ச் சங்கத்துடன் எஞ்சியிருந்தன. பொஹீமியன்ஸ் விடயத்திலும் இதுவே நடந்தது. அப்போது எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு கேள்வி பின்னாளில் பூதாகரமாக எழுந்தது. பெயரும் சின்னமும் யாருக்குச் சொந்தம்? பிரிந்து சென்ற உதைபந்தாட்டக் கழகத்துக்கா, அல்லது தாய்ச் சங்கத்துக்கா?

2004-05 பருவகாலத்தில் உதைபந்தாட்டக் கழகம் கடனில் மூழ்கியது. இரண்டாம் பிரிவில் விளையாடிக்கொண்டிருந்த அதனால் பருவகாலத்தை முடிக்கவும் இயலவில்லை. நூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாட வேண்டிய 2005ஆம் ஆண்டில் கழகம் அழிவின் விளிம்பில் நின்றது. அவ்வேளையில் இரசிகர்கள் கைகட்டி நிற்கவில்லை. நிதி திரட்டினர், கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்துக் கழகத்தின் பங்காளர்களாகவும் ஆகினர். கழகத்தை நடத்துவதற்கு முதலீட்டாளர்களின் பணமும் தேவைப்பட்டது என்பது உண்மையே. எனினும் முதலீட்டாளர் வருவதற்கு ஏதேனும் ஒன்று உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் இரசிகர்களே. பனென்காவும் அவர்களோடு நின்றார். பின்னர் கழகத்தின் கௌரவத் தலைவராகவும் விளங்கினார். 'பொஹீமியன்ஸ் 1905' என்ற பெயருடன் மூன்றாம் தரச் சுற்றுப்போட்டியிலிருந்து அக்கழகம் புதிதாக ஆரம்பித்தது.

அதே காலத்தில் தாய்ச் சங்கம் வேறொரு வழியை நாடியது. நகரின் வடபகுதியான ஸ்ட்ரிஷ்கொவில் இயங்கி வந்த, பொஹீமியன்ஸ் வரலாற்றோடு எவ்விதத் தொடர்புமற்ற ஒரு கழகத்துக்குப் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் அனுமதியை அது வழங்கியது. அக்கழகம் 'பொஹீமியன்ஸ் பிராக்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. இவ்வாறு, வரலாறும் இரசிகர்களும் ஓரிடத்திலும் பத்திரத்தின் பலம் இன்னோரிடத்திலுமாகப் பிரிந்து நின்றன.

நேருக்கு நேர்

வெர்ஷோவிட்சே கழகம் 2007இல் முதற்பிரிவை எட்டியது. அடுத்த ஆண்டே தரமிறங்கியது. அது இறங்கிய அதே 2008இல் ஸ்ட்ரிஷ்கொவ் கழகம் முதற்பிரிவுக்கு ஏறியது. 2009இல் வெர்ஷோவிட்சே மீண்டும் ஏறியபோது, இரு பொஹீமியன்ஸும் ஒரே பிரிவில் சந்திப்பது தவிர்க்க முடியாததாயிற்று. பதினாறு கழகங்கள், முப்பது சுற்றுகள், இறுதியில் இரு கழகங்களுக்குத் தரமிறக்கம் என்பதே அப்போதைய ஒழுங்கு. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு ஊடகங்கள் ஒன்றின் பெயரோடு ஆண்டையும் மற்றையதன் பெயரோடு ஊரையும் சேர்த்துக் குறிப்பிட்டன. இரசிகர்களைப் பொறுத்தவரை அந்தக் குழப்பம் இருக்கவேயில்லை. தாம் எந்த மைதானத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

2010ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் பிரச்சினை உச்சத்தை அடைந்தது. பெயர்ச் சர்ச்சையின் நடுவே, பொஹீமியன்ஸ் 1905 அணிக்கு எதிரான போட்டியில் பங்கேற்க ஸ்ட்ரிஷ்கொவ் கழகம் மறுத்தது. அணி மைதானத்துக்கு வரவில்லை, போட்டி நடைபெறவில்லை. தொழில்சார் சுற்றுப்போட்டியொன்றில் ஒரு கழகம் தானாகவே விளையாட மறுப்பது மிகப் பாரதூரமான குற்றமாகும். ஏனெனில் அது எதிரணியை மாத்திரமன்றி, தரமிறக்கத்திலிருந்து தப்பப் போராடும் ஏனைய கழகங்கள் அனைத்தையும் பாதிக்கின்றது. உதைபந்தாட்டச் சங்கம் அக்கழகத்தின் புள்ளிகளைக் கழித்தது. பருவகால முடிவில் கிளாட்னோ கழகத்துடன் பொஹீமியன்ஸ் பிராக்கும் தரமிறக்கப்பட்டது. அதன் பின்னர் அக்கழகம் முதற்பிரிவுக்குத் திரும்பவில்லை. பொஹீமியன்ஸ் 1905 முதற்பிரிவில் தனது இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

பெயர் யாருடையது?

இவ்விடத்தில் மறுபக்க நியாயத்தையும் நாம் எடுத்துக்கூறக் கடமைப்பட்டுள்ளோம். தாய்ச் சங்கத்தின் வாதம் முற்றிலும் அர்த்தமற்றதன்று. பல விளையாட்டுகளைக் கொண்ட ஒரு சங்கத்திலிருந்து பணம் ஈட்டும் பிரிவு மாத்திரம் பிரிந்து சென்று, பெயரையும் புகழையும் தன்னுடையதாக்கிக்கொண்டு, பின்னர் கடனாளியாகி வீழ்ந்தால், எஞ்சியிருக்கும் சங்கம் தன் பெயரைப் பாதுகாக்க முற்படுவது இயல்பே. சிறு விளையாட்டுகளுக்கு நிதி தேடவேண்டிய பொறுப்பும் அதற்கு உண்டு. அதேபோன்று ஸ்ட்ரிஷ்கொவ் அணியின் வீரர்களையும் குறைகூற இயலாது. களத்தில் இறங்கி விளையாடுவதே அவர்களது தொழில். நிர்வாகத்தின் தீர்மானத்துக்கு அவர்களே விலை கொடுக்க நேர்ந்தது.

எனினும் தாய்ச் சங்கத்தின் வாதம் ஓர் இடத்தில் இடறுகின்றது. பெயரைப் பாதுகாப்பது வேறு. அதனைத் தொடர்பற்ற ஒருவருக்கு வழங்குவது வேறு. பொஹீமியன்ஸ் என்ற சொல்லுக்குப் பெறுமதி எவ்வாறு வந்தது? 1927இன் கடற்பயணத்தாலும், பனென்காவின் உதையாலும், 1983இன் சம்பியன் பட்டத்தாலும், மழையிலும் குளிரிலும் பச்சை வெள்ளைச் சால்வையுடன் நின்ற தலைமுறைகளாலும் வந்தது. இவற்றுள் எதுவும் ஸ்ட்ரிஷ்கொவில் நிகழவில்லை. பெறுமதியை உருவாக்கியவர்களிடமிருந்து பெயரைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது வெறும் எழுத்துக்களே.

இத்தகைய பிணக்கு செக் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தின் விம்பிள்டன் கழகம் 2003இல் மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 2002இல், பழைய இரசிகர்கள் தமக்கெனப் புதிய கழகமொன்றை அமைத்து அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்திருந்தனர். 2011இல் அக்கழகம் தொழில்சார் சுற்றுப்போட்டிக்குள் நுழைந்தது. ருமேனியாவில் இராணுவத்தின் கழகமாகத் தோன்றிய ஸ்டெயாவாவின் பெயருக்காக அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு வழக்காடி வென்றது. அதன் விளைவாக 2017இல் அப்பெயரைப் பயன்படுத்தி வந்த கழகம் வெறும் எழுத்துச் சுருக்கமொன்றைத் தன் பெயராக ஏற்க நேர்ந்தது. ஓரிடத்தில் சட்டம் இரசிகர்களுக்கு உதவவில்லை. இன்னோரிடத்தில் சட்டமே இரசிகர்களைப் பிளவுபடுத்தியது.

பொஹீமியன்ஸ் விடயத்தில் நீண்ட சட்டப்போராட்டம் ஈற்றில் வெர்ஷோவிட்சே கழகத்துக்குச் சாதகமாக அமைந்தது. 2013 முதல் 'பொஹீமியன்ஸ் பிராக் 1905' என்ற முழுப்பெயரை அது தாங்கி நிற்கின்றது. ஆயினும் பெயரைக் காத்த கழகம் இடையில் இன்னொரு சோதனைக்கும் முகங்கொடுத்தது. 'சிறு பள்ளம்' என்னும் பொருள்படும் டியோலீச்செக் மைதானம் 1932 முதல் அதன் இல்லம். 2010இல் அதை விட்டு, அதே வெர்ஷோவிட்சேயில் அமைந்துள்ள பரம எதிரியான ஸ்லாவியாவின் விளையாட்டரங்குக்கு அணி இடம்பெயர்ந்தது. இரசிகர்கள் இதனைப் பெரும் அவமானமாகக் கருதினர். 2012இல் அணி தரமிறங்கியது. அதே ஆண்டில் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே முதற்பிரிவுக்கும் மீண்டது. 2016இல் பிராக் மாநகரம் டியோலீச்செக்கை விலைக்கு வாங்கியதை அடுத்து, அது கட்டடக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் தணிந்தது. 2022-23 பருவகாலத்தில் நான்காம் இடத்தைப் பெற்று ஐரோப்பியத் தகுதிகாண் போட்டிகளிலும் அக்கழகம் பங்குபற்றியது.

2009-10 பருவகாலத்தை நாம் மீண்டும் நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. ஒரு பொது நிறுவனத்தின் பெயர் எவரது பதிவேட்டில் உள்ளது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கலாம். ஆனால் அப்பெயருக்கு உயிர் இருக்கின்றதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் அதனோடு கூடவே வாழ்ந்தவர்கள். கழகம் வீழ்ந்தபோது அதனைத் தூக்கி நிறுத்த எவர் வந்தனர் என்பதே உரிமைக்கான மிகச் சிறந்த சான்றாகும். நிறுவனங்களைப் பிரிக்கும்போதும் விற்கும்போதும் சொத்துக்களைக் கணக்கெடுப்போர், பெயரையும் அதன் பின்னே நிற்கும் மக்களையும் முதலிலேயே கணக்கில் எடுத்திருப்பின், ஒரு தேசத்தின் முதற்பிரிவுச் சுற்றுப்போட்டியில் விளையாடப்படாத போட்டியொன்று பதிவாகியிருக்க வேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது.