எண்ணி வைத்த ஒளி

“எக்ஸ் கதிரை அளக்கக் கருவி இருக்கிறது, அந்தக் கருவி சொல்வது சரிதான் என்று யார் சொல்வது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போட்ட படிக்கல் உண்டு. ஒளிக்கு?

அதற்கும் உண்டு: சின்க்ரோட்ரான் ஒளி, அதாவது காந்தப்புலத்தில் அதிவேகமாக வளைந்தோடும் எலெக்ட்ரான்கள் சிந்தும் ஒளி. இந்தப் பெயர் செய்தியில் வந்தாலே ‘சூரியனைவிடப் பல மடங்கு பிரகாசம்’ என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். பிரகாசம் இருக்கட்டும். எத்தனை கிராம் என்று தெரியாத கல், எவ்வளவு கனமாக இருந்தாலும் படிக்கல் ஆகாது.

வரலாறு வேண்டுவோருக்குச் சுருக்கமாக: 1947 ஏப்ரலில், அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் முடுக்கியில் இந்த ஒளி முதன்முதலில் கண்ணில் பட்டது. முடுக்கிக்காரர்களுக்கு அது ஆற்றலை ஒழுகவிடும் தொல்லை. 1949இல் ஜூலியன் ஷ்விங்கர் அதன் கணக்கை எழுதி முடித்தார். போதும்.

பெர்லினின் அட்லர்ஸ்ஹோஃப் பகுதியில், ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி.க்காக இந்த ஒளியைத் தரும், 48 மீட்டர் சுற்றளவுள்ள எலெக்ட்ரான் வளையம் ஒன்று 2008 முதல் இயங்குகிறது. எலெக்ட்ரானின் ஆற்றல், காந்தப்புலம், கருவி நிற்கும் தூரம், எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை போன்ற சில எண்களைக் கொடுத்தால், எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வரும் என்று ஷ்விங்கரின் சமன்பாடு சொல்லிவிடும். சரி, எலெக்ட்ரான்களை எப்படி எண்ணுவது?

வளையத்தில் சிலவற்றை மட்டும் ஓடவிட்டு, ஒரு உலோகத் தகட்டைக் கற்றையின் அருகே நகர்த்துகிறார்கள். எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக அதில் மோதி உதிர்கின்றன. ஒளியைக் கவனிக்கும் ஃபோட்டோடையோடு வரையும் கோடு சறுக்கி இறங்குவதில்லை, மாடிப்படிபோல் இறங்குகிறது. ஒரு படிக்கு ஒரு எலெக்ட்ரான். கடைசிப் படியில் ஒற்றை எலெக்ட்ரான், நொடிக்கு 62 லட்சம் தடவைக்குமேல் சுற்றியபடி, தனியாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அதுவும் உதிர்ந்தால் இருட்டு. கீழிருந்து படிகளை எண்ணிக்கொண்டால் கணக்கு முடிந்தது.

தட்டார்கள் ஒரு காலத்தில் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தார்கள். விதைக்கு விதை எடை சற்று மாறும். எலெக்ட்ரான், மாறவே மாறாத குன்றிமணி. தட்டில் ஒன்றும் வைக்கலாம். இந்த வளையத்தில் 20,000 கோடி வரை வைக்கலாம். சேதாரமும் உண்டு, தகட்டில் உதிர்ந்தவை. ஆனால் அதையும் ஒன்று விடாமல் எண்ணிச் சொல்கிறார்கள். எந்த நகைக்கடையில் இது நடக்கும்?

எண்ணிக்கை மாறினால் ஒளியின் அளவு மாறும். நிறமாலையின் வடிவம் அப்படியே இருக்கும். வசதி அதில்தான். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் நுட்பமான உணரி, பேரொளியில் திணறிப்போகும். அதற்குக் கொஞ்சம் எலெக்ட்ரான்களின் ஒளியைக் காட்டி, வந்ததில் எத்தனை சதவீதத்தைப் பிடித்தது என்று பார்த்துவிடலாம். சந்திரா விண்வெளித் தொலைநோக்கிக்கான ஒப்பீட்டு சிசிடி உணரிகளை, பெர்லினிலேயே இருந்த பழைய பெஸ்ஸி வளையத்தின் ஒளியில்தான் அளவு திருத்தினார்கள்.

எல்லாக் கதிர்வீச்சுக்கும் இதுவே மருந்து என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அணுஉலை ஊழியரின் கையில் உள்ள காமா மானிக்கு சீசியம்-137 போன்ற கதிரியக்க மூலம்தான் படிக்கல். தவிர, விண்வெளிக்குப் போன உணரி நாளடைவில் மங்கும். சூரியனைக் கவனிக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலத்திலுள்ள புறஊதா மானிக்காக, மேரிலாந்திலுள்ள சர்ஃப் என்ற எலெக்ட்ரான் வளையத்தில் அளவு திருத்திய இன்னொரு கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி ஒப்பிட்டார்கள்.

ஆகவே வாசகரே, கருவி காட்டும் எண்ணோடு நிறுத்தாதீர்கள். முத்திரை என்றைக்குப் போட்டது என்றும் கேளுங்கள்.