பட்சியின் படமும் பதிப்பின் எண்ணும்

வனவிலங்குகளையும் பட்சிகளையும் போட்டோ பிடித்து, இத்தனை பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று உறுதி கூறி விற்கும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. ‘வரையறுத்த பதிப்பு’ என்று கேட்ட மாத்திரத்தில் மயங்கிப் பணத்தை எண்ணி வைப்போரும் உண்டு. காகிதத்துக்கு இவ்வளவு விலையா என்று நகைப்போரும் உண்டு. இரு சாராரும் தவறுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம்.

அரியலூர் ஜில்லாவிலுள்ள கரைவெட்டி ஏரியை எடுத்துக்கொள்வோம். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரம்பும் இவ்வேரி 1999-இல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாயிற்று. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே தங்குகிறது. அவ்வாத்தின் படமொன்று, 7/25 என்ற எண்ணும் கையொப்பமும் தாங்கி, நேயர் ஒருவரிடம் விலைக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அதை மதிப்பிடுவது எங்ஙனம்?

முதலாவது, எண். ஏழு என்பதைக் காட்டிலும் இருபத்தைந்து என்பதே முக்கியம். அதே படம் வேறோர் அளவில் இன்னும் நூறு பிரதிகள் அச்சாகியிருக்குமாயின் அவ்வெண்ணுக்குப் பொருளேது? கலைஞர் தமக்கென வைத்துக்கொண்ட பிரதிகள் எத்தனை? இவற்றை எழுத்து மூலம் பெறுதல் அவசியம்.

இரண்டாவது, காகிதமும் மையும். அமிலமற்ற பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் அச்சிட்ட படம் நெடுநாள் நிற்கும். மலிவான சாயமையோ வெளிச்சம் பட்டு விரைவில் வெளிறும். பூஞ்சை, மடிப்பு, பின்புறத்துப் பசைக்கறை ஆகிய ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். ஆகவே சட்டத்தினின்றும் கழற்றிப் பார்த்த பிறகே விலை பேசுதல் விவேகம்.

மூன்றாவது, படத்தின் பூர்வ சரித்திரம். எடுத்த வருஷம் வேறு, அச்சிட்ட வருஷம் வேறு. கரைவெட்டி சரணாலயமானபோது அது பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அரியலூர் இன்றுள்ள தனி ஜில்லாவாக அமைந்தது 2007-இல். 2003-இல் அச்சிட்டதாகச் சொல்லும் பிரதியில் ‘அரியலூர் ஜில்லா’ என்று அச்சாகியிருந்தால் ஐயுற இடமுண்டு. ‘பெரம்பலூர் ஜில்லா’ என்றிருந்தால் அது பிழையன்று.

நான்காவது, படம் எடுத்த விதம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் சென்று படமெடுப்பதை அனுமதிச் சீட்டுக்கு உட்படுத்துகிறது. கூட்டைக் கலைத்தும் குஞ்சுகளைத் துன்புறுத்தியும் எடுத்த படம் எத்துணை அழகாயினும் நமது வீட்டுச் சுவருக்கு உகந்ததன்று.

எண்ணிக்கைச் சுருக்கம் ஒன்றே மதிப்பாகாது. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலவுப் படத்தை நூற்றுக்கணக்கில் அச்சிட்டார். ஆயினும் அதன் பழைய பிரதியொன்று 2006-இல் ஆறு லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. 1970-இல் பத்மஸ்ரீ பெற்ற நம் ம. கிருஷ்ணனின் கானகப் படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களே. வனத்தை அறிந்த கண்ணே அவற்றின் பெருமை.

பதிப்பின் எண் என்பது ஒரு சத்தியம். இருபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தவர் இருபத்தாறாவதை அச்சிட்டால், வாங்கிய இருபத்தைந்து பேரும் வஞ்சிக்கப்பட்டவராவர். அதன் பின் யோக்கியமான கலைஞரின் சொல்லும் விலைபோகாது. எனவே படத்தை வாங்குவோர் முதலில் எடைபோட வேண்டியது, அதன் கீழ் ஒப்பமிட்டவருடைய வாக்கின் நாணயத்தையே.