திருட்டு மணியும் தீ மணியும்

கடைக்கும் கிடங்குக்கும் திருட்டு அலாரம் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஷட்டரை யாராவது நெம்பினால் சைரன் அலறும். முதலாளியின் செல்போனுக்கு அழைப்பு வரும். "இதிலேயே தீ அலாரத்தையும் சேர்த்துவிடலாம், தனிச் செலவு எதற்கு?" என்று மெக்கானிக் சொல்வார். நாமும் தலையாட்டிவிடுவோம். சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் முறை தெரிந்து சேர்க்க வேண்டும். தெரியாமல் சேர்த்து நான் பட்டது மற்றவர்களுக்கு வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

என் கிடங்கில் புகை உணரும் கருவிகள் இரண்டையும் ஷட்டர் கம்பியோடு சேர்த்துத் திருட்டு அலாரத்திலேயே இணைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு பகலில் கணக்குப்பிள்ளை வந்து அலாரத்தை அணைத்துக் கணக்கு எழுதினார். பிறகு ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேரத்தில் சுவிட்ச் போர்டு அருகே கிடந்த காலிச் சாக்குக் கட்டு புகையத் தொடங்கியது. மணி அடிக்கவில்லை. எதிர்க்கடை டீக்காரர் புகையைப் பார்த்துக் கூச்சல் போட்டதால் பிழைத்தோம். புகை வாடை ஏறி 14 மூட்டை மல்லி வீணாயிற்று. கருவியில் பழுது ஒன்றுமில்லை. திருட்டு அலாரத்தை அணைத்தபோது தீ அலாரமும் சேர்ந்து அணைந்துவிட்டது, அவ்வளவுதான்.

திருட்டு அலாரம் கடையைப் பூட்டும்போது போடுவது, திறக்கும்போது அணைப்பது. தீ அப்படி நேரம் பார்த்து வராது. ஆகவே தீ அலாரத்தின் செய்தி, திருட்டு அலாரப் பேனலில் "24 மணி நேர ஜோன்" என்ற இணைப்பில்தான் சேர வேண்டும். திருட்டு அலாரத்தை அணைத்தாலும் இந்த இணைப்பு விழித்திருக்கும்.

சரியான ஏற்பாடு இதுதான். தீ அலாரத்துக்குத் தனிப் பேனல், தனி பேட்டரி, தனி மணி இருக்க வேண்டும். தீ பேனல் பெரும்பாலும் 24 வோல்ட்டிலும் திருட்டு பேனல் 12 வோல்ட்டிலும் வேலை செய்வதால், ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. தீ பேனலுக்குள் ரிலே என்ற சிறு சுவிட்ச் உண்டு. புகை தெரிந்ததும் அது நிலை மாறும். அதிலிருந்து இரண்டு கம்பியைத் திருட்டு பேனலுக்குக் கொண்டுபோனால் போதும். அந்தக் கம்பியின் முடிவில், தீ பேனல் பக்கத்தில், ஒரு ரெசிஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். எலி கம்பியைக் கடித்தாலும் பேனல் உடனே காட்டிக்கொடுக்கும். செய்தியை வெளியே அனுப்புவது மட்டுமே திருட்டு பேனலின் வேலை. அது கெட்டுப் போனாலும் கிடங்கில் தீ மணி அடித்தாக வேண்டும்.

அடுத்தது, உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சைரன் வைக்காதீர்கள். திருடன் என்றால் உள்ளே தூங்கும் பையன்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருப்பார்கள். தீ என்றால் அவர்கள் உடனே வெளியே ஓட வேண்டும். வெளியில் இருப்பவரும் திருடன் என்று நினைத்து ஷட்டரைச் சடாரென்று தூக்கினால், உள்ளே புகைந்து கிடந்த தீ காற்றுப்பட்டுக் குப்பென்று முகத்தில் அடிக்கும். ஆகவே சத்தமும் வேறாக இருக்க வேண்டும், செல்போனுக்கு வரும் செய்தியும் "தீ" என்று தனியாகச் சொல்ல வேண்டும். கேட்டவுடன் 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லிவிடலாம்.

மிளகாய், மாவு கையாளும் இடத்தில் புகைக் கருவி தூசிக்கே மணி அடிக்கும். சலித்துப்போய் யாராவது கழற்றிவிடுவார்கள். அங்கே சுமார் 57 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யும் கருவி பொருந்தும். ஆனால் அது புகைக் கருவியைவிடத் தாமதமாகவே எச்சரிக்கும். தூசி இல்லாத சாக்கு அடுக்கிலும் சுவிட்ச் போர்டு அருகிலும் புகைக் கருவியே நல்லது. தீ அலாரம் அமைப்பதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2189. வேலைக்கு வருபவருக்கு அது தெரியுமா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை, அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, இந்த நான்கையும் பாருங்கள்:

1. திருட்டு அலாரத்தை அணைத்துவிட்டுத் தீ அலாரத்தைச் சோதியுங்கள். மணி அடித்து, செல்போனுக்குத் "தீ" என்று செய்தி வருகிறதா?

2. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். பேட்டரி தாங்குகிறதா?

3. இணைப்புக் கம்பி ஒன்றை மெக்கானிக்கை வைத்துக் கழற்றிப் பாருங்கள். பழுது என்று காட்டுகிறதா?

4. பேனலில் உள்ள சிம் கார்டுக்கு ரீசார்ஜ் இருக்கிறதா? செய்தி போகும் எண்கள் இப்போது கடையில் இருப்பவர்களுடையவைதானா?

முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை நான் ஒருமுறை செய்திருந்தால் 14 மூட்டை மல்லி மிஞ்சியிருக்கும். இன்று கடை பூட்டுமுன் அதை மட்டுமாவது செய்து பாருங்கள்.