மாடும் மரக்கன்றும் ஒரே பலகையில்

வடக்குத் தாய்லாந்தில் லாவோஸ் எல்லையை ஒட்டியது ‘நான்’ மாகாணம். அதன் மலைக் கிராமங்களில் ஒன்று டோய் தியூ. அங்கு வாழும் மொங் இனக் குடும்பங்கள் காட்டோரத் தரிசுகளில் மாடு மேய்க்கின்றன. வனத்துறை அதே தரிசுகளில் மரக்கன்று நடுகிறது. மாடு கன்றை மிதிக்கிறது, கடிக்கிறது என்று வனத்துறை சொல்கிறது. மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது என்று மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே நியாயமான கவலைகள்.

2000களின் பிற்பாதியில் பாங்காக்கின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகமும் பிரான்சின் சிராட் வேளாண் ஆய்வு நிறுவனமும் இரு தரப்பையும் ஒரு விளையாட்டுப் பலகையின் முன் உட்கார வைத்தன. பலகையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலத்துண்டு: புல்வெளி, புதர், இளங்காடு, அடர்காடு. மாட்டை எங்கே ஓட்டுவது என்று மேய்ப்பவர் முடிவெடுப்பார். எங்கே நடுவது என்று வனத்துறையினர் முடிவெடுப்பார்கள். சுற்று முடிந்ததும் கட்டங்கள் மாறும். தீவனம் போதாத மாடு மெலியும்.

தரிசு எப்போது புதராகும், புதர் எப்போது காடாகும் என்ற விதிகளை விஞ்ஞானிகள் மட்டும் எழுதிவிடவில்லை. மேய்ப்பவர் கண்டதும் வனத்துறையினர் கண்டதும் அவற்றில் சேர்ந்தன. இந்த முறையின் பெரிய பலமே அதுதான்: தன் அனுபவம் விதியாக நிற்கும் ஒரு மாதிரியை யாரும் எளிதில் ஒதுக்கித் தள்ள மாட்டார்கள். பிறகு அதே விதிகள் சிராட் உருவாக்கிய ‘கோர்மாஸ்’ என்ற மென்பொருளில் ஏறின. பலகையில் பல மணி நேரம் எடுப்பதைக் கணினி சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டியது. ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க முடிந்தது.

பேச்சு கடைசியில் புல்லில் வந்து நின்றது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ரூசி தீவனப் புல்லை வளர்த்து, மாடுகளைப் பகுதி பகுதியாக மாற்றி மேய்த்துப் பார்ப்பதென்று இரு தரப்பும் சேர்ந்து ஒரு வயல் சோதனைக்கு ஒப்புக்கொண்டன.

ஆனால் பலகைக்கு முன் எல்லோரும் சமமாகிவிடுவதில்லை. அதிகாரி பேசினால் சிறு விவசாயி வாயை மூடிக்கொள்வார்; ஊருக்குள்ளும் வசதியானவரின் குரலே ஓங்கும். அதே மாகாணத்தில் நந்தபுரி தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் மியென் மக்களிடையே பணியாற்றிய பிரெஞ்சு ஆய்வாளர் செசில் பார்னோ இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அங்கே கிராமத்தாருக்கு முதலில் தனியாக அமர்வுகள் நடந்தன. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தங்களுக்குள் பேசித் தெளிந்த பிறகுதான் அவர்கள் பூங்கா அதிகாரிகளைச் சந்தித்தார்கள்.