மேய்க்கால் நிலமும் மனைக் கற்களும்

‘புறம்போக்கு’ என்பது இன்று வசைச் சொல்லாகிவிட்டது. வருவாய்த் துறைக் கணக்கில் அதற்கு நல்ல பொருள் உண்டு. வரி விதிப்புக்குப் புறம்பாக, பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு, மந்தைவெளி யாவும் இதில் அடங்கும். ஆடுமாடுகள் மேய்வதற்கென விடப்பட்ட நிலத்துக்கு ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று பெயர். இத்தகைய நிலத்தைக் காண்போர், “சும்மாதானே கிடக்கிறது” என்று சொல்வதுண்டு. அது உண்மையிலேயே சும்மா கிடக்கிறதா என்று பார்ப்போம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. ஓர் ஊர் மாவட்டத் தலைநகரானால் அலுவலகங்கள் வரும். அவற்றின் பின்னாலேயே வீட்டு மனைகளும் வரும். சாலையோர மானாவாரி நிலங்களில் வண்ணம் பூசிய மனைக் கற்களும் சிறு கொடிகளும் இப்போது பழகிய காட்சி. மேற்கே கல்வராயன் மலை. அங்கே பெய்யும் மழை கோமுகி, மணிமுத்தாறு ஆகியவற்றின் வழியே சமவெளிக்கு இறங்கி வெள்ளாற்றில் சேர்கிறது. மலைக்கும் ஊருக்கும் இடையிலுள்ள புல்வெளியும் கரம்பும் இந்நீரின் கணக்கில் பங்கு உடையவை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆகவே 50 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் நீரைக் கொட்டுகிறது. அதில் பாதி மண்ணில் ஊறினாலும், பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எட்டு நிறையும்.

ஊறுவதும் ஓடுவதும் மண்ணின் மேற்பரப்பைப் பொறுத்தவை. பெரிய மழைத்துளி விநாடிக்கு 9 மீட்டர் வரையிலான வேகத்தில் தரையைத் தாக்குகிறது. வெற்று மண்ணில் விழும்போது மண்கட்டிகள் சிதறுகின்றன. நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடுகின்றன. புல் இருந்தால் துளியின் வேகத்தை இலைகள் வாங்கிக்கொள்ளும். வேர்கள் விட்டுச்சென்ற நுண்குழல்கள் வழியே நீர் இறங்கும். மனை போடும்போது முதலில் நடப்பது என்ன? புல்டோசர் மேல்மண்ணை வழித்துச் சமன் செய்கிறது. குறுக்கே ஓடும் சிற்றோடை தூர்க்கப்படுகிறது. வீடு எழப் பத்தாண்டு ஆகலாம். நிலம் நீர் குடிப்பதோ அந்த ஒரே வாரத்தில் நின்றுவிடுகிறது. (அளவுக்கு மீறி மேய்த்தாலும் மண் குளம்படியில் இறுகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேய்ச்சலைக் கவனியாது விட்டால் சீமைக்கருவேலம் புகுந்துவிடும்.)

துண்டானால் என்ன ஆகும்?

300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோ உலர் தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 2,700 கிலோவுக்கு மேல். ஓர் ஏக்கர் மானாவாரிப் புல் நிலம் ஆண்டுக்கு ஒரு டன் உலர் புல் தருவதாகவும், வேர் பிழைக்கப் பாதியை விட்டுவைப்பதாகவும் கொண்டால், ஒரு பசுவுக்கு ஐந்தரை ஏக்கர் தேவை. எனவே மேய்ச்சலுக்குப் பரந்த, தொடர்ச்சியான நிலம் வேண்டும்.

சதுரமான 40 ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சரியாக ஒரு மைல்; அதாவது 1,609 மீட்டர். அதையே பத்து நாலு ஏக்கர்ச் சதுரங்களாக வெட்டினால் மொத்தச் சுற்றளவு ஐந்து கிலோ மீட்டரைத் தாண்டுகிறது. பரப்பு மாறவில்லை, வேலியோ மூன்று மடங்குக்கு மேல். நடுவில் நாலு ஏக்கர் மனைப் பிரிவு வந்தால் நட்டம் நாலு ஏக்கரோடு நிற்பதில்லை. மாடு தண்ணீருக்குப் போகும் வழி அடைபடும். மிச்ச நிலத்தின் விலையும் மனை விலையாக ஏறும்.

சட்டம் எதைக் காக்கிறது?

பொது நிலத்துக்குச் சட்டத் துணை உண்டு. 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. பஞ்சாப் மாநிலத்தில் ஊர்க் குளத்தை ஆக்கிரமித்து வீடு கட்டியதைப் பற்றிய வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. கல்வராயன் மலையின் நிலை வேறு. 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. இன்று அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகக் கோர வழி தருகிறது.

பட்டா நிலத்தில் உள்ள மேய்ச்சல் வெளிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இதற்குத் தக்க எடுத்துக்காட்டைக் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கொங்கு நாட்டில் காணலாம். காங்கேயம் வட்டாரத்தில் தனியார் மேய்ச்சல் நிலத்துக்குக் ‘கொறங்காடு’ என்று பெயர். முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நிழலுக்கு வெள்வேல மரங்களை நிறுத்துவார்கள். நிலத்தைப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றதை ஆறவிடுவார்கள். காங்கேயம் மாடு இந்த வெளியில் உருவான இனம். வருவாய்க் கணக்கிலோ இதுவும் வெறும் ‘புஞ்சை’தான். மாட்டு வருமானம் மனை விலைக்கு ஈடு கொடுக்காதபோது, விற்பவரைக் குறை சொல்வது முறையாகாது என்பது என் கருத்து.

இதே சிக்கல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் எழுந்தது. 1965இல் அங்கு வந்த வில்லியம்சன் சட்டப்படி, பத்தாண்டுகளுக்கு நிலத்தை வேளாண்மைக்கே வைத்திருப்பதாக ஒப்பந்தம் செய்பவருக்கு வரி குறையும். நம் நாட்டில் இது பலிக்காது. புஞ்சை வரி ஏற்கெனவே மிகச் சொற்பம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள மரின் மாவட்டத்தில் 1980இல் வேறொரு வழி கண்டார்கள். நில உரிமை என்பது உழும் உரிமை, மேய்க்கும் உரிமை, கட்டும் உரிமை எனப் பல உரிமைகளின் கட்டு அன்றோ? அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறது. மாட்டுக்காரர் நிலத்தில் தொடர்ந்து மேய்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். யார் வாங்கினாலும் மனை போட முடியாது.

நம்மிடம் உள்ள கருவி மனைப் பிரிவு அனுமதிதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் செய்தது. சாலையின் அகலம், பூங்காவின் பரப்பு ஆகியவற்றை இவ்வனுமதி பார்க்கிறது. புஞ்சை என்ற பெயருக்குள் ஒரு மேய்ச்சல் வெளி இருப்பதை அது அறிய வேண்டுமானால், முதலில் அதற்குக் கணக்கில் ஒரு பெயர் வேண்டும்.

பொது நிலத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மாணவர்கள் தங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டில் புல எண் வாரியாக நிலத்தின் வகைப்பாட்டைக் காணலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அது உண்டு. அரசின் இணையதளத்திலும் புல எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ‘மேய்க்கால்’ என்று குறித்த எண்களை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புல வரைபடத்தோடு நேரில் போய் நடந்து பாருங்கள்.